தெரியாத எழுத்து

முஹ்ஸினா மூன்று நாளாக அந்தத் தாளோடு மல்லுக்கட்டினாள். வளைவும் கோடுமாக ஒரே ஒரு வரி. அதைப் படித்துச் சொல்லும்வரை கஞ்சியைத் தொடமாட்டேன் என்று எழுதியவர் அடம்பிடித்தார்.

மகள் ஜுஹைனா அதைப் படமெடுத்துச் செயலியில் போட்டாள். ஈராயிரம் வருஷத்துக் கல்வெட்டையும் வாசித்துவிடும் செயலி அது. 'தெரியாத எழுத்து' என்று காட்டியது.

"எழவெடுத்த ஆப்" என்று ஜுஹைனா போனை மெத்தையில் எறிந்தாள்.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ரெபேக்காள் எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, இந்த ஆப்பைச் செஞ்ச பேராசிரியர் நம்ம தென்காசிக்காரர்தானாம்லா. அவருட்டயே கேட்டா என்ன?"

"கேக்காமலா இருப்பேன்? அவங்கதான்க்கா எழுதுதாங்க" என்று முஹ்ஸினா திரைச்சீலையை விலக்கினாள்.

பக்கவாதத்தில் பேச்சிழந்து கிடந்த அவள் கணவர் கபீர், இடக்கையில் பென்சிலைப் பிடித்து, அதே வரியை இன்னும் பெரிதாக எழுதிக்கொண்டிருந்தார்.