டயருக்கு அடியில் மூக்குக்கண்ணாடி

ஏற்றத்தின் நடுவில் அவர்களுடைய லாரி நிற்கிறது, ஓட்டுநர் இருக்கையில் அவள். ஓட்டுநர் உரிமத் தேர்வில் இதுதான் கடைசிக் கட்டம். வண்டி துளியும் பின்னால் சரியாமல் மேடேற வேண்டும். "பின் டயர ஒட்டி ஏதாச்சும் வைங்க," என்று கீழே நிற்கும் அவள் கணவனிடம் சொல்லிவிட்டு, "நசுங்குச்சுன்னா அடுத்த மாசம் வாங்கம்மா," என்கிறார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆய்வாளர். கணவன் சட்டைப்பையைத் தடவுகிறான். தீப்பெட்டியைத்தான் எடுப்பான் என்று அவள் நினைக்க, அவனோ தடித்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றி டயருக்குப் பின்னால் வைத்துவிட்டு நிமிர்கிறான். பார்வை மங்கி உரிமம் போனபிறகு அவனுக்கு உலகத்தைக் காட்டுவதே அதுதான். 'வேற ஒண்ணும் கெடைக்கலயா இந்த மனுஷனுக்கு!' பக்கவாட்டுக் கண்ணாடியில் அவனைப் பார்த்தபடி அவள் பல்லைக் கடிக்கிறாள். "என்னைய ஏன் பாக்குற? ரோட்டப் பாரு!" என்று குத்துமதிப்பாக அவள் பக்கம் திரும்பிக் கத்துகிறான் அவன். வியர்த்த கையில் ஸ்டியரிங் வழுக்குகிறது. கிளட்சை மயிரிழை மயிரிழையாக விடுகிறாள். எஞ்சினின் உறுமல் கனக்கிறது, சாவிக்கொத்து கிலுகிலுவென்று நடுங்குகிறது. ஹேண்ட்பிரேக்கை விடுவித்ததும் பிரேக்கிலிருந்து புஸ்ஸென்று காற்று வெளியேறுகிறது. வண்டி ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவளும்தான். பிறகு முன்னால் நகர்கிறது.

மேட்டில் நிறுத்தியதும் ஆய்வாளர், "பாஸாயிட்டீங்கம்மா," என்று சொல்லி இறங்கிப் போகிறார். கணவன் தரையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து, சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மேடேறி வருகிறான். பழக்கதோஷத்தில் ஓட்டுநர் கதவின் கைப்பிடியைப் பிடிக்கிறான். உள்ளே அவள் இருக்கிறாள். பிடித்த கையை எடுக்காமல் சற்று நிற்கிறான். அப்புறம் வண்டியின் முகப்பைச் சுற்றி அந்தப் பக்கம் போகிறான். அவள் எட்டி, உள்ளிருந்து கதவைத் திறந்துவிடுகிறாள்.