துறைமுகத்திலிருந்து வரும் வழி

“துறைமுகத்துலேருந்து வர்ற வழியையும் போடு” என்றாள் அம்மா.

என் தங்கை லீசலின் கல்யாணத்துக்கு இணையதளம் செய்துகொண்டிருந்தேன். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் என் மடிக்கணினி. பக்கத்து நாற்காலியில் அம்மா மெல்லிய மாவு ஏட்டில் பன்றிக்கறியை வைத்து லும்பியா சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“யாரும்மா படகுல வர்றாங்க? மாப்பிள்ளை வீடு மணிலா, பஸ்ஸுல வந்துருவாங்க. நம்மாளுங்க அத்தனை பேரும் இந்த ரெண்டு தெருவுலதான் கெடக்குறாங்க.”

“போடுன்னா போடேன். கடைசிப் படகு எத்தனை மணிக்குன்னும் சேத்துப் போடு.”

போட்டேன். அம்மாவோடு வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் வீட்டில் கிடையாது.

லீசல் தோஹாவில் நர்ஸ். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால்தான் வந்து இறங்குகிறாள். சாயங்காலத்துக்குள் தளத்தைத் திறந்துவிடு, எல்லாருக்கும் அனுப்பணும் என்று காலையிலிருந்து மூன்று செய்தி அனுப்பிவிட்டாள்.

மாதா கோவில், பிற்பகல் மூன்று மணி. உடை வெளிர்பச்சை, வெள்ளை மட்டும் வேண்டாம். உங்களுக்கு ஒதுக்கிய நாற்காலிகள் இத்தனை, அதற்கு மேல் ஆள் கூட்டிவராதீர்கள் என்பதைப் பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாக எழுதினேன்.

“பிளாஸ்டிக் பை கொண்டுவரக் கூடாதுன்னும் எழுது. உன் கல்யாணத்துல உன் மாமா பெர்ட்டிங் பொண்டாட்டி வறுத்த பன்னியோட தலையையே பையில போட்டுக்கிட்டுப் போயிட்டா.”

தங்குமிடம் என்று ஒரு தலைப்பு இருந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள்.

“அது வேணாம், எடுத்துடு. வர்றவங்க அன்னிக்கே போயிரட்டும்.”

எடுத்தேன். பாக்கி இருந்தது இரண்டு இடம்தான். ஒன்று, கோவிலுக்குள் யார் பின்னால் யார் நடந்து வருவது என்ற பட்டியலின் கடைசி வரி. ‘மணமகளை அழைத்து வருபவர்’ என்று இருந்தது. அதற்கு எதிரே ஒன்றுமில்லை.

போன வாரம் லீசல் போனில் அழுதாள். “அக்கா, உன்னை மாதிரி அப்பா போட்டோவப் புடிச்சிக்கிட்டு என்னால நடக்க முடியாது. யாராச்சும் கை குடுங்களேன்.” பக்கத்தில் இருந்த அம்மாவுக்கும் அது கேட்டது.

அம்மாவின் தம்பி பெர்ட்டிங் மாமா தானே கூட்டி வருவதாகச் சொல்லிச் சட்டைகூடத் தைக்கக் கொடுத்துவிட்டார். அம்மா வேண்டாமென்றாள். சரி, நீயே கூட நட என்றேன். அதுவும் வேண்டாமாம்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் என் கல்யாணத்தில் நான் போட்டோவோடு தனியாக நடந்தவள். அப்பா தனியாக மீன்பிடிக்கப் போன படகு புயலில் மாட்டித் திரும்பவே இல்லை. அவர் காணாமல் போனபோது எனக்கு எட்டு வயது, லீசலுக்கு இரண்டு. உடல் கிடைக்கவில்லை. கல்லறை இல்லாததால், ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் கல்லறைத் தோட்டத்து நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடியில் அவருக்கு மெழுகுவத்தி ஏற்றுவோம். அம்மா மட்டும் ஏற்றமாட்டாள். காத்தடிக்குது, நீங்களே ஏத்துங்க என்று தள்ளி நின்றுகொள்வாள்.

அதை அப்படியே விட்டுவிட்டு, இன்னொன்றான பெற்றோர் பெயர்களுக்கு வந்தேன். கிரிசாந்தோ என்று அப்பா பெயரை அடித்தேன். பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவைக் குறி போட்டேன். இறந்தவர் பெயர் என்றால் எங்கள் பத்திரிகைகளில் அப்படித்தான் போடுவோம். என் பத்திரிகையிலும் இருந்தது. அதை அச்சுக்கு முன் சரிபார்த்தது அம்மாதான்.

இப்போது அம்மா சுருட்டுவதை நிறுத்தினாள். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அந்தச் சிலுவைய எடுத்துடு, ரோவேனா.”

“ஏன்?”

“உசுரோட இருக்குறவன் பேருக்குப் பக்கத்துல அது இருக்கக் கூடாது.”

அவள் முகத்தைப் பார்த்தேன். அது விளையாடுகிற முகம் இல்லை.

அப்பா போன படகு கவிழவே இல்லையாம். மிந்தோரோ தீவில் கரையிறங்கி, அங்கே ஒருத்தியோடு குடும்பம் நடத்தினாராம். புருஷன் ஓடிப்போனவள் என்று ஊர் பேசுவதைவிட விதவை என்று பேசட்டும் என, அந்த வாரம் அடித்த புயலின் மேல் அம்மா பழியைப் போட்டுவிட்டாள். லீசல் அழுத மறுநாள் ஆள் விட்டுக் கேட்டிருக்கிறாள். கல்யாணத்துக்கு வருகிறேன் என்றிருக்கிறார்.

இத்தனையையும் மாவு ஏட்டின் ஓரத்தில் முட்டை தடவி ஒட்டிக்கொண்டே சொன்னாள்.

அடக் கடவுளே, எத்தனை மெழுகுவத்தி!

“என் கல்யாணத்துக்கு ஏம்மா துறைமுகத்துலேருந்து வழி போடல?”

அம்மா நிமிரவில்லை. “அப்ப எனக்குக் கோவம் தீரலடி.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த மேசையை அப்படியே கவிழ்த்துவிடலாம் போலிருந்தது. அதற்குள் லீசலின் நாலாவது செய்தி வந்து விழுந்தது. அக்கா, முடிஞ்சுதா?

“இரு, திறந்துடாதே. மொதல்ல அவகிட்ட நான் சொல்லணும்” என்று அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, என் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

சிலுவையை அழித்தேன். மணமகளை அழைத்து வருபவர் என்பதற்கு எதிரே அப்பாவின் பெயரை அடித்தேன். வாசலில் அம்மாவின் குரல் தாழ்ந்து கேட்டது.

அம்மா திரும்பி வருவதற்குள், அவள் எடுக்கச் சொன்ன தங்குமிடம் என்ற தலைப்பை மறுபடி கொண்டுவந்தேன். அதன் கீழே, அடுத்த தெருவில் இருக்கும் என் வீட்டு விலாசத்தை எழுதினேன்.