வெட்டுவேன்னு சொல்லுங்க!

"முகத்தைக் கொஞ்சம் கொடூரமா வெச்சுக்கங்க!" என்றாள் மனைவி.

கணவர் முயன்றார். பல்வலி வந்தவர் மாதிரி இருந்தது.

"கார்பன் அதிகாரி கேட்டா என்ன சொல்லணும்?"

"பணம் தரலைன்னா காட்டை வெட்டிடுவேன்."

"சத்தமா!"

மரங்கள் காற்றிலிருந்து உறிஞ்சும் கார்பனுக்குக் கம்பெனிகள் பணம் கொடுக்கின்றன. ஆனால், வெட்டப்படவிருந்த மரத்தைக் காப்பாற்றினால்தான் கொடுப்பார்களாம்; எப்படியும் வெட்டாத நல்லவனுக்குப் பட்டை நாமம்தான். பணம் வராவிட்டால், 'வருமானமில்லாத நிலம் எதுக்குடா?' என்று, நிலத்தில் பங்குள்ள கணவரின் அண்ணன் இந்தக் காட்டையும் பக்கத்திலுள்ள அவர்களது மொட்டைக் குன்றையும் கல்குவாரிக்குக் கொடுத்துவிடுவார்.

அதிகாரி வந்தார். ஜன்னல் வழியே காட்டைப் பார்த்தார்.

"கைமுடைன்னா மரத்தை வெட்டுவீங்களா சார்?"

மனைவி இருமினாள்.

"வெட்... வெட்டு..." கணவர் காட்டைப் பார்த்தார். "எப்படிங்க மனசு வரும்?"

"போச்சு!" மனைவி தலையில் கைவைத்தாள். "காய்ஞ்ச குச்சியைக்கூட ஒடிக்க விடமாட்டார் சார் இந்த மனுஷன்!"

"அப்பாடா!" என்றார் அதிகாரி.

இருவரும் விழித்தார்கள்.

"நான் வந்தது இந்தக் காட்டுக்கு இல்லீங்க. அந்த மொட்டைக் குன்றுல புதுசா காடு வளர்க்கத்தான் பணம் தர்றோம். நட்டதை வெட்டாம வளர்க்கிற ஆளைத் தேடி நாயா அலையறேன். போற வீட்டுல எல்லாம், 'வெட்டிடுவேன்'னே மிரட்டறாங்க!"

கணவருக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. அவர் வாயைத் திறக்குமுன் மனைவி முந்திக்கொண்டாள்.

"காலையிலேருந்து இதைத்தான் சார் இவருக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்றேன்... உண்மையைப் பேசுங்க, உண்மையைப் பேசுங்கன்னு!"