ஓடிபி வந்துச்சா?

மணிமங்கலத்தில் மாமியார் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தும்போதே டில்லிபாபுவுக்கு வியர்த்துக் கொட்டியது. ஷிப்டு முடிந்து, யூனிபாரம்கூட மாற்றாமல் ஒரகடத்திலிருந்து நேராக வந்திருந்தான்.

கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட மனைவி இசைவாணிதான் கதவைத் திறந்தாள்.

"இன்னா?"

"இன்கம்டாக்ஸ் ரிட்டர்னுக்கு இன்னிக்குக் கடைசி நாளு இசை. உன் போனுக்குத்தான் ஓடிபி வரும். அதச் சொன்னாத்தான் வேலை முடியும்."

கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், கல்யாணமானதுமே ஆதாருக்கு அவள் நம்பரைக் கொடுத்துவைத்திருந்தான்.

"குன்றத்தூர் கோயிலுக்குக் கூட்டினு போறேன்னு சொல்லிட்டு, ஞாயித்துக்கெழம ஓ.டி. பாக்கப் போனியே, அந்த சூப்பர்வைசரையே போய்க் கேளு!"

"தப்புதான். இனிமே ஞாயித்துக்கெழம வர மாட்டேன்னு அவருகிட்ட சொல்லிட்டேன். லேட்டானா ஃபைன் போடுவாங்க இசை!"

அவனை முறைத்துக்கொண்டே நின்ற இசைவாணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஒண்ணும் போட மாட்டாங்க. உன் ரிட்டர்னைப் போன வாரமே நான் போட்டுட்டேன். ஓடிபி என் போனுக்கு வருது, பாஸ்வேர்டும் என் பேருதான். நீ எப்போ வந்து நிக்கறேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

டில்லிபாபு தலையைச் சொறிந்தான்.

"தெரியும். அன்னிக்கே எனக்கு மெயில் வந்துச்சி."

"அப்புறம் எதுக்கு இவ்ளோ அவசரமா ஓடியாந்த?"

"இன்னிக்கு வுட்டா, இங்க வர்றதுக்கு வேற சாக்கு இல்லியே!"