குறுக்கே கிடந்த கம்பம்

புயல் சாய்த்த மின்கம்பத்தை ஊரார் சாலையின் குறுக்கே இழுத்துப்போட, பெண்கள் அதன்மீது வரிசையாக அமர்ந்திருந்தனர். ஒன்பது நாள்களாக மின்சாரமும் இல்லை. குழாயில் தண்ணீரும் இல்லை. முன்பு பார்வையிட வந்த அதிகாரியோ, காரின் கண்ணாடியைக்கூட இறக்காமல் போய்விட்டார். இன்று மீண்டும் வருகிறாராம். அவரை மண்ணில் இறங்க வைக்காமல் எழுவதில்லை என்று செகதாம்பாள் உறுதி பூண்டிருந்தாள்.

ஆனால், முதலில் வந்தது மின்வாரிய லாரி.

“அக்கா, தேனியில இருந்து வர்றோம். நீங்க உக்காந்திருக்கிற கம்பத்தத்தான் நடணும்” என்றார் அதிலிருந்து இறங்கிய ஊழியர்.

“நாங்க எந்திரிச்சா அந்த அதிகாரி காரு நிக்காம பறந்துடும், தம்பி” என்றாள் செகதாம்பாள்.

“நீங்க எத்தன நாளு அடைகாத்தாலும் கம்பம் குஞ்சு பொரிக்காதுக்கா.”

பெண்கள் சிரித்துவிட்டனர். செகதாம்பாளும் எழுந்தாள். கம்பத்தைத் தூக்கியதும், அது கிடந்த இடத்தில் தன் காலிக்குடத்தை வைத்தாள். மற்றவர்களும் தத்தம் குடங்களை வைத்தனர்.

பொழுது சாயுமுன் கம்பம் நிமிர்ந்தது. மின்சாரம் வந்து மோட்டார் ஓடியதும் குழாயில் தண்ணீர் வந்தது. பெண்கள் ஆளுக்கொரு கை அள்ளிக் குடித்தனர். பிறகு, நிரப்பிய குடங்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல், மீண்டும் சாலையின் குறுக்கே வரிசையாக வைத்தனர்.

அதிகாரியின் கார் வந்து நின்றது. இது வரவேற்பா, மறியலா என்று விளங்காமல் ஓட்டுநர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

பின்கதவு மெல்லத் திறந்தது.