நின்று எரிந்த ஸ்டவ்

டீக்கடை விறகடுப்பிலிருந்து கரியை வழித்து, மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் தலையில் தடவிக்கொண்டிருந்தான் லாரி டிரைவர் சங்கிலிமுத்து. பிறகு சோற்றுப் பானையைக் கவிழ்த்து, அதன் அடியிலும் அழுத்திப் பூசினான்.

"ஏண்ணே, வழி நெடுக ஓட்டல்ல பரோட்டாவைப் பிச்சுப் போட்டுட்டு, வீட்ல போயி பொங்கித் தின்னேன்னு கரியக் காட்டப் போறீகளாக்கும்?" என்றான் கடைக்காரன் ஆண்டிச்சாமி.

"சும்மா கெடலே."

"நான் எதுக்கு வாயத் தொறக்கேன்? ஸ்டவ்வுல இருக்க மண்ணெண்ணெய்தான் நடைக்கு நடை எனக்கு வந்துருதே. மதினி கேட்டா நான் ஊமை."

சங்கிலிமுத்து சிரிக்கவில்லை. பரோட்டா தின்றிருந்தால்கூட அவன் இவ்வளவு கூசியிருக்க மாட்டான். அவன் ஒளித்தது தின்ற சோற்றை அல்ல, ஏற்றிய லோடை.

சென்ற சீசனில் பட்டாசு லாரியில் கிளீனராகப் போனவன் நாகையா, சங்கிலிமுத்துவின் மைத்துனன். வெடி வண்டியில் நெருப்புப் பெட்டிகூட இருக்கலாகாது என்பது சர்க்காரின் சட்டம். ஓட்டல் காசை மிச்சம் பிடி என்பது வறுமையின் சட்டம். நாகையா இரண்டாவது சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து, வண்டி நிழலிலேயே ஸ்டவ்வைப் பற்றவைத்து உலை ஏற்றினான். சோறு வேகும் முன்னே அவன் வெந்தான்.

அவன் அக்காள் சண்முகத்தாய் அழவில்லை. "வெடியும் நெருப்பும் இனி ஒரே வண்டியில போகக் கூடாது. நீங்க வெடி லோடே ஏறக் கூடாது. ஏறுனீகன்னு தெரிஞ்சா இந்த வீட்ல நான் இருக்க மாட்டேன்" என்று கணவனிடம் சொன்னாள். அதற்குப் பிறகு, தேவைக்கு மேல் ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

காலண்டர் லோடுதான் ஏற்றுவேன் என்று சத்தியம் செய்தான். சத்தியத்துக்குச் சாட்சியாக ஸ்டவ்வும் வாங்கினான். நாகையா செத்த பிறகு, பட்டாசுக் கம்பெனி வாசலிலேயே வண்டியைச் சோதிக்கிறார்கள். ஸ்டவ் இருந்தால் லோடு ஏறாது. ஆகவே அவன் ஸ்டவ்வோடு போய் ஸ்டவ்வோடு வந்தால் அது வெடி வண்டி அல்ல என்று அவள் நம்புவாள்.

ஆனால் காலண்டர் அச்சாவது சில மாதம். பசி அச்சாவது ஆண்டு முழுவதும். வெடி லோடை மறுக்கும் டிரைவரிடமிருந்து சாவியை வாங்கி அடுத்தவன் கையில் கொடுக்க முதலாளிக்கு ஒரு நொடி போதும். வடநாட்டு வீதிகளில் தீபாவளி வெளிச்சம் ஏற வேண்டுமானால், இங்கே ஒருவன் தன் வீட்டில் பொய் சொல்லித்தான் புறப்பட வேண்டும்!

ஆடியிலிருந்து இந்தப் புரட்டாசி வரை எல்லா நடையும் அப்படித்தான். திருத்தங்கலில் ஆண்டிச்சாமியின் டீக்கடை பெஞ்சுக்கடியில் ஸ்டவ்வைத் தள்ளிவிட்டு, கம்பெனியில் பட்டாசை ஏற்றுவான். அவள் கொறிக்கக் கொடுத்த அவலையும் பொரிகடலையையும் தின்றே நாக்பூர் போய்ச் சேருவான். அரிசியை வழியில் யாராவது பிள்ளைக்காரிக்குக் கொடுத்துவிடுவான்.

அந்திக்கு வீட்டுக்கு வந்தான். நாகையாவின் படத்துக்கு முன்னால் அகல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரி வழக்கத்தைவிடப் பருமனாக இருந்தது. கடைத் திரிக்குக்கூடக் காசு செலவழிக்காமல் எதையோ போட்டு எரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

"சாப்பிட்டீகளா?" என்றாள் சண்முகத்தாய்.

"வர்ற வழியிலேயே பொங்கிட்டேன். ஓட்டல் வாசல மிதிக்கவே இல்ல. கீரை கடைஞ்சேன், ரசம் வச்சேன். இந்த வயித்து எரிச்சலு இப்பம் எம்புட்டோ தேவலை. சாப்பாட்டுப் பேட்டாவும் அப்படியே மிச்சம், இந்தா."

பணத்தை வாங்கி அஞ்சறைப் பெட்டிக்குள் வைத்தாள். எண்ணிப் பார்க்கவில்லை.

"ஸ்டவ்வு?"

"அதுக்கென்ன? எதிர்காத்துலகூட நின்னு எரிஞ்சுச்சுல்லா!"

"ம்" என்றாள். பானையை எடுத்துப் போய்ச் சாம்பல் போட்டுத் துலக்கினாள். கரி எளிதாகவே போயிற்று.

"அடுத்த லோடு எப்பம்?"

"விடியவே கெளம்பணும்."

"என்ன லோடு?"

"காலண்டருதான். வேற என்ன?" அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. அந்த முகத்தில் எழுதியிருந்ததெல்லாம் சென்ற சீசனிலேயே அழிந்துவிட்டது.

அவள் வழிக்குச் சோற்றுச் சாமான் கட்டினாள். அரிசிப் பை கையளவு இருந்தது. அவல் மூட்டை தலையணை அளவு இருந்தது. மேலே ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்தாள்.

"என்ன, அரிசி இம்புட்டுதானா? அவலு மட்டும் எதுக்கு அம்புட்டு?"

"இருக்கட்டும். பசிக்கும்."

நடைக்கு நடை வீட்டுச் செலவைச் சுருக்குகிறாள் என்று எண்ணி அவன் சுவரில் சாய்ந்தான். இந்த நடையும் தப்பியாயிற்று. இன்னும் தீபாவளி வரைக்கும்தான். பிறகு உண்மையாகவே காலண்டர் லோடு வந்துவிடும்.

படத்துக்கு முன்னால் விளக்கு மங்கிற்று. சண்முகத்தாய் குனிந்து, அந்தப் பருத்த திரியை விரலால் மெல்ல முன்னுக்குத் தள்ளினாள். சுடர் நிமிர்ந்து நின்றது.

திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"இது அந்த ஸ்டவ்வோட திரிதாங்க; ஆடியிலேயே உருவிட்டேன்."