ஷோகேஸில் ஒரு மோடம்

"மோடத்தை உள் ரூம்ல வெச்சா ஒயர் மிச்சம் சார்" என்றான், பிராட்பேண்ட் இணைப்புக் கொடுக்க வந்த மகேஷ்.

"வேணாம்ப்பா. ஹால் ஷோகேஸ்ல, சோபாவுக்கு நேரா வை. பச்சை லைட் பளிச்சுனு தெரியணும்" என்றார் வேதாசலம்.

ஷோகேஸிலிருந்த தாஜ்மகால் பரணுக்குப் போனது. மோடம் அந்த இடத்தில் அமர்ந்து கண் சிமிட்டியது.

"கம்ப்யூட்டர் எங்க சார்? செக் பண்ணணும்."

"அதெல்லாம் இல்லப்பா. நாளைக்கு எங்க சினேகாவைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. முடிச்சூர் ஜீவானந்தம் வீடு. பையன் சாஃப்ட்வேராம், பிராட்பேண்ட் இல்லாத வீட்ல பொண்ணு எடுக்க மாட்டாங்களாம். அவங்க போறவரைக்கும் லைட் எரிஞ்சா போதும்."

மகேஷ் டூல்ஸ் பையை மூடினான்.

"நேத்து அந்த வூட்லதான் சார் வேலை. அங்கயும் ஷோகேஸ்தான். கம்ப்யூட்டர் எங்கன்னு கேட்டேன். பொண்ணு வூட்டுக்காரங்க வந்துட்டுப் போறவரைக்கும் லைட் எரிஞ்சா போதும்னாங்க."